கைநாட்டுக்கு முன்னால் ஒரு பெஞ்சு

போன மாதம் என் கைபேசிக்கு நான் உயிரோடு இருப்பதில் சந்தேகம் வந்துவிட்டது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை "இன்னும் இருக்கிறேன்" என்று அரசுக்குக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் கருவூலத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தபடியே கைபேசியில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும். நான் சிமிட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றது. மொட்டை மாடிக்குப் போய்ச் சிமிட்டினேன். முகத்தை நேராக வைக்கச் சொன்னது. நேராக வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை சிமிட்டினேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் கைபேசி என்னை ஒத்துக்கொண்டது. "இந்த வயசுல மாடியில நின்னு கண்ணடிச்சா ஊரு என்ன பேசும்?" என்று என் மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை எங்கள் பழைய அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டேன். ஓய்வூதியப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் கவிதா உடனே கூப்பிட்டார்.

"அண்ணே, சிரிச்சு முடியல. ஆனா ஒண்ணு கேக்கணும். கேமராவும் இல்லாம, ரேகை பாக்குற மிஷினும் இல்லாம, வந்து நிக்கிறது அந்த ஆளுதானான்னு நீங்கள்லாம் எப்படிண்ணே கண்டுபிடிச்சீக? எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுக்கலாம்."

கேட்டதற்குப் பதில் ஒரே வரியில் இருக்கிறது. எங்களுக்கு ஜொஹரா மேடம் இருந்தார். ஆனால் ஒரு வரியைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. தேர்வு எழுதினேன், இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் பில்களை அடுக்கினேன், முத்திரை குத்தினேன், கூட்டல் தப்பு என்று திட்டு வாங்கினேன். பிறகு திட்டுகிற இடத்துக்கு வந்தேன். திண்டுக்கல் பக்கத்துக் கருவூலம் ஒன்றில் ஓய்வூதியப் பிரிவுக்கு என்னைப் போட்டபோது, சக ஊழியர்கள் கையைக் குலுக்கி அனுதாபம் சொன்னார்கள். காரணம் கோடைகால நேர்காணல்.

வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்களில் அந்த நேர்காணல் நடக்கும். ஆத்தூர், கொடைரோடு, அய்யலூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஓய்வூதியர்கள் பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். ஊன்றுகோல், தூக்குவாளி, பேத்தி, மருந்துப் பை எல்லாம் கூடவே வரும். மேசையில் ஒருவர் பெயரைக் கூப்பிடுவார். இன்னொருவர் வந்தவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி, பதிவேட்டில் அமுக்கி, "அடுத்து" என்பார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்றால் கையெழுத்து. பதிவேட்டில் ஒட்டியிருக்கும் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. படத்தில் இருப்பவர் கறுப்பு மீசையோடு இருப்பார். எதிரில் நிற்பவருக்குப் பல்லே இருக்காது. எதை எதோடு ஒப்பிடுவது? பின்னாலே வாசல் வரை கூட்டம். "அடுத்து" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல முடியும்?

இந்தச் சந்தடிக்குள்தான் தில்லுமுல்லு நுழையும். ஆள் இறந்திருப்பார், அவர் பேரில் பணம் மாதாமாதம் வங்கியில் விழுந்துகொண்டிருக்கும், ஏடிஎம் அட்டை மகன் சட்டைப் பையில் இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் அவர்களுக்கு ஒரு கட்டைவிரல் தேவைப்படும். கிராமத்தில் கிழவர்களுக்கா பஞ்சம்?

இப்படியிருக்கும்போதுதான் ஜொஹரா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். திண்டுக்கல் டவுனில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பம். முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடி மேசையில் வைப்பார். அந்த 'டக்' சத்தம் கேட்டால் ஆபீசே நிமிர்ந்து உட்காரும்.

வந்த புதிதில் நேர்காணல் முதல் நாள் முழுக்க ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்று பார்த்தார். மறுநாள் காலையில் நான் வரும்போது மை மேசை அவருடைய மேசைக்கு எதிரே போயிருந்தது. பழைய கோப்பு அறையில் காலொடிந்து கிடந்த ஒரு மரப் பெஞ்சை, ஆணி அடித்து, துடைத்து, அந்த மேசைக்கு முன்னால் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு மண்பானை, ரெண்டு டம்ளர்.

"இனிமே பேரைக் கூப்பிட்டதும் வந்து உக்காரட்டும். தண்ணி குடிக்கட்டும். ரெண்டு வார்த்தை பேசிட்டு, அப்புறம் கைநாட்டு" என்றார்.

எனக்கு வந்தது எரிச்சல்தான். "மேடம், இப்படி உக்கார வச்சுக் கதை பேசுனா ஆடி மாசம் வரைக்கும் இழுக்கும்."

"இழுக்கட்டுமே முருகேசன். வருசத்துக்கு ஒரு தடவ வாராக. விருந்தாளி வந்தா நிக்க வச்சேவா அனுப்புவோம்?"

ஆனால் இழுக்கவில்லை. இன்ன ஊர்க்காரர்களுக்கு இன்ன நாள் என்று பிரித்துவிட்டார். அய்யலூர்க்காரர்களை ஆட்டுச் சந்தை நாளில் கூப்பிடக் கூடாது, பூ விவசாயம் செய்கிற ஊர்க்காரர்களை முகூர்த்த நாளில் கூப்பிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார். கூட்டம் பாதியானது. வாசலில் மயங்கி விழுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். மாதாமாதம் நகராட்சியிலிருந்தும் கிராம நிர்வாக அலுவலர்களிடமிருந்தும் இறப்பு விவரம் கேட்டு வாங்கி, அதை எங்கள் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். அதுவரை பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருத்தருக்கொருத்தர் பேசாமல் இருந்த அலுவலகங்கள் அவை.

பெஞ்சு எதற்கு என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எங்க அத்தா மண்டியில தோல் கட்டைப் பிரிக்காம விலை சொல்ல மாட்டாரு" என்றார் மேடம். அத்தா என்று அவர் சொன்னது அப்பாவை. "மேல இருக்குற தோலு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். பிரிக்கிறதுக்கு நேரம் வேணும்ல? அதுக்குத்தான் பெஞ்சு. இன்னொண்ணு. நின்னுக்கிட்டே ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிரலாம். உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுச் சொல்றது கஷ்டம். கைநாட்டு விழுந்துட்டா அது குத்தம். விழுறதுக்கு முந்தி வெறும் நெனப்புதான். நெனப்ப மாத்திக்கிறதுக்கு ஒரு எடம் குடுக்கணுமா இல்லையா? திருடனப் பிடிக்கிறது போலீஸ் வேல. திருட விடாமப் பாக்குறதுதான் கருவூலத்து வேல."

நான் பிடிப்பதில் ஆசையுள்ளவன். இந்தப் பேச்சு எனக்கு அப்போது சப்பென்று இருந்தது. ஆனால் பெஞ்சு வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். உட்கார்ந்து பாதித் தண்ணீர் குடித்ததும் சில பேருக்கு ஆதார் அட்டை மறந்துபோனது நினைவுக்கு வரும். "இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று போவார்கள். வரவே மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து இறப்புச் சான்று தபாலில் வரும். மேடம் அதை எடுத்து என் பக்கம் தள்ளி, "பானைத் தண்ணி நல்லா வேலை செய்யுது" என்பார்.

சில பேர் பெஞ்சுக்கும் மசிய மாட்டார்கள். அவர்களுக்கு வேறு மருந்து வைத்திருந்தார். காலையில் ஸ்கூட்டரில் வரும்போது சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் படித்துக்கொண்டே வருவார். எங்களையும் அவரவர் பஸ் வரும் வழியில் படித்துவரச் சொன்னார். நான் சிரித்தேன். "எவனாச்சும் நம்மகிட்ட மறைக்கிற சாவை செவுத்துல ஒட்டுவானா மேடம்?"

"நம்ம ஊர்க்காரன் ஒட்டுவான்" என்றார்.

ஒட்டினான். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஓவிய ஆசிரியர் ஒருவருக்குக் கை நடுக்கம், வெளியே வர முடியாது என்று, அதிகாரியாக இருந்த உறவுக்காரரிடம் சான்றொப்பம் வாங்கி, வீட்டார் தாள் அனுப்பியிருந்தார்கள். மறு வாரமே பேருந்து நிலையத்துச் சுவரில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஆள் உயரப் படம். கீழே மகன், மருமகள், பேரன், கொள்ளுப்பேத்தி வரை பெயர்கள். மகனை வரச் சொன்னோம். வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்பா நல்லா இருக்காருங்களா?" என்றார் மேடம்.

"நல்லா இருக்காருங்க. கொஞ்சம் முடியறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுக் கண்ணீர்?"

மனிதர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க மேடம், போஸ்டர் ஒட்டலைன்னா சம்பந்தி ஊட்டுல என்னங்க நெனைப்பாங்க? பெத்த அப்பனுக்கு ஒரு போஸ்டருக்கு வக்கில்லீன்னு பேசிப் போடுவாங்கல்லங்க?"

அரசாங்கத்துக்குப் பயப்படாதவர் சம்பந்திக்குப் பயந்தார். வாங்கியதையெல்லாம் தவணையில் திருப்பிக் கட்டினார். அதிலிருந்து எங்கள் ஆபீசில் அத்தனை பேரும் போஸ்டர் வாசகர்களானோம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

மேடம் வந்த இரண்டாவது வருடத்துக் கோடை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்த நாள். மத்தியானம் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஓர் ஆட்டோ வந்து வேப்பமரத்தடியில் நின்றது. அதிலிருந்து ராஜேந்திரன் என்கிற ஆள் இறங்கி என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். அம்மா வெள்ளையம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. குடும்ப ஓய்வூதியம் என்றால், புருசன் போனபின் மனைவிக்கு வருவது.

"சார், அம்மாவால நடக்க முடியல. ஆட்டோவுலயே இருக்காக. கைநாட்ட அங்கனயே வந்து வாங்கிக்கிறீகளா?"

முடியாதவர்களுக்கு நாங்கள் வாசலுக்குப் போவது வழக்கம்தான். ஆனால் மேடம் காலத்தில் எழுத்தர் மட்டும் போகக் கூடாது, அவரும் கூட வருவார். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால் ஆட்டோவில் அந்த அம்மா பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கும் ஏறி உட்கார்ந்தார். நான் பதிவேட்டையும் மையையும் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

பின் இருக்கையில் அந்த அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வெளிறிய சேலை. வெறும் நெற்றியில் விபூதி. கழுத்தில் ஒன்றுமில்லை. நான் படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். அதே மூக்கு, அதே தாடை. எனக்குத் திருப்தி. மை மூடியைத் திறந்தேன். ராஜேந்திரன் அந்த அம்மாவின் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"செத்த நேரம் இருங்க தம்பி" என்றார் மேடம். "வெயில்ல வந்திருக்காக. ஆறட்டும்."

அந்த அம்மா நெளிந்து காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பில் சேலை ஓரம் விலகியது. மேடம் குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். காலின் இரண்டாவது விரலில் மெட்டி.

கணவனை இழந்தவர் காலில் மெட்டி இருக்காது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டியாச்சு என்று வாயைத் திறந்தேன். மேடம் என்னைப் பார்க்காமலேயே பதிவேட்டின் மேல் கையை வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தம்பி, அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்றார் ராஜேந்திரனிடம்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? அம்மா டீ குடிக்காது."

"அப்ப எனக்கு வாங்கிட்டு வாங்க. இந்தா, சாருக்கு ஒண்ணு. டிரைவரையும் கூட்டிட்டுப் போங்க, கிளாஸ் தூக்க ஆள் வேணும்ல."

அதிகாரி டீ கேட்டால் யார் மறுக்க முடியும்? ராஜேந்திரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே டிரைவரோடு போனார். ஆட்டோவில் அவர்கள் இருவர். வெளியே நான்.

மேடம் மெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. முக்காட்டுக்குள் கைவிட்டுத் தன் கழுத்தில் கிடந்த கருகமணியை எடுத்து வெளியே விட்டார். எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்களுக்குத் தாலி மாதிரி அது.

"போன வருசம் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல இதப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மணி அச்சு கையில பதிஞ்சு போச்சு" என்றார். பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரரு எப்படியிருக்காரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடும்ப ஓய்வூதியம் வாங்க வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? "அவர் இறந்து எத்தனையோ வருசமாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் அந்த அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். தாலியைக் கழற்ற வைத்திருந்தார்கள், பொட்டை அழிக்க வைத்திருந்தார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற மனுசனைப் போய்விட்டார் என்று எந்தப் பெண்சாதி வாயால் சொல்வாள்?

அவர் வாயைத் திறந்தார். சொல்ல முயன்றார் என்றுதான் நினைக்கிறேன். வரவில்லை.

"கெடையில கெடக்காக தாயீ" என்றார். அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

பிறகு எல்லாம் தானாகவே வந்தது. அவர் பெயர் காளியம்மாள். வெள்ளையம்மாளின் கூடப்பிறந்த தங்கை. அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கும்போது தை மாதம் இறந்துவிட்டார். காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. அதனால்தான் எங்கள் இறப்பு விவரத்திலும் வரவில்லை, சுவரிலும் வரவில்லை. காளியம்மாளின் கணவர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். கை கால் விழுந்து படுத்துவிட்டார். மருந்துக்கு அக்காதான் கொடுத்துவந்தார். அக்கா போனபின் அதுவும் நின்றுபோனது.

"வருசத்துக்கு ஒரு தடவ கட்டவெரலு வச்சாப் போதும் சின்னம்மா, சித்தப்பா மருந்துக்கு நான் பாத்துக்கிறேன்னான் ராசேந்திரன். காலையில கயித்தக் கழட்டச் சொன்னான். கழட்டி முந்தியில முடிஞ்சு வச்சிருக்கேன். மெட்டியையும் கழட்டச் சொன்னான். அது மட்டும் முடியல தாயீ. அதயும் கழட்டிட்டா அவுகளுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு… சேலய எறக்கிக் கட்டிக்கிர்றேன்னு சொல்லிட்டேன். என்னையப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவீகளா? அவுகளுக்கு வாயில தண்ணி விட ஆளில்ல."

மேடம் திரும்பி என் கையிலிருந்த மையைப் பார்த்தார். "அத மூடுங்க முருகேசன்" என்றார். மூடினேன்.

"மொதல்ல அந்தக் கயித்தக் கட்டுங்கக்கா."

காளியம்மாளுக்கு முந்தானை முடிச்சே அவிழவில்லை. மேடம் அதை அவிழ்த்துக் கொடுத்தார். தன் துப்பட்டாவை விரித்துத் தெருப்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். ஆட்டோவின் முன்னால் முருகன் படத்துக்குக் கீழே ஒரு குங்குமப் பொட்டலம் இருந்தது. மேடம் எட்டி அதை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். ஐந்து வேளை தொழுகிற பெண்மணி, முருகன் படத்துக் குங்குமத்தை எடுத்து இன்னொருத்தியின் நெற்றிக்குக் கொடுத்ததை நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ராஜேந்திரன் டீயோடு திரும்பி வந்தபோது, அவர் கூட்டி வந்த அம்மா ஆட்டோவில் இல்லை. மஞ்சள் கயிறும் குங்குமமுமாக அவருடைய சின்னம்மா உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் கையில் கிளாஸ் ஆடி, பாதி டீ அவர் வேட்டியில்தான் போனது.

"உங்கம்மா தவறிட்டாங்களாம். எங்களுக்குத் தகவலே வரலையே தம்பி" என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை. "உள்ள வாங்க. எழுதிக் குடுத்துருங்க."

அன்றைக்கு ராஜேந்திரன் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் என்றார், கடன் என்றார். காலில் விழப்போனார். மேடம் பேனாவை மூடி வைத்தார். 'டக்'. மனிதர் எழுந்து உட்கார்ந்து, அம்மா இறந்த நாளைத் தன் கையால் எழுதினார். அந்த நாளுக்குப் பிறகு எடுத்தது அத்தனையையும் திருப்பிக் கட்ட உத்தரவானது. அதில் மேடம் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ராஜேந்திரன் கட்டி முடிக்கும்வரை மாதாமாதம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "ஆட்டோ விசயத்த ஒண்ணும் எழுதலையே மேடம்?"

"கைநாட்டு வாங்குனோமா?"

"இல்ல."

"அப்ப நடக்காத குத்தத்த எப்படி எழுதுறது? அவரு அம்மா தவறுனத மறைச்சாரு, எடுத்தாரு. அது நடந்துச்சு, எழுதியாச்சு. அந்தம்மா ஒண்ணுமே பண்ணலையே."

ஆபீசில் சில பேர் மேடம் இளகிய மனசுக்காரர் என்று முணுமுணுத்தார்கள். முந்தின நாளாக இருந்தால் நானும் கூடச் சேர்ந்து முணுமுணுத்திருப்பேன். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இளகிய மனசு என்றால் ராஜேந்திரன் அழுதபோதல்லவா இளகியிருக்க வேண்டும்? எவ்வளவு விட வேண்டும், எதை விடக் கூடாது என்பது மேடத்துக்குத் தெரிந்த மாதிரி நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் எதைச் செய்தாலும் நான் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

அதோடு அவர் நிற்கவில்லை. அதே வளாகத்தில் மாடியில்தான் முதியோர் உதவித்தொகை கொடுக்கிற பிரிவு. காளியம்மாளின் கணவருக்கு வயதும் இருந்தது, ஆதரவின்மையும் இருந்தது, விண்ணப்பம்தான் இல்லை. மூட்டை தூக்கியவருக்கு அதை யார் சொன்னார்கள்? மேடம் அன்று சாப்பிடாமல் காளியம்மாளைக் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிக் கூட்டிப்போனார். "பசிச்சவுக தப்பு வாசல்ல வந்து நிப்பாக முருகேசன். சரியான வாசல் எதுன்னு யாராச்சும் காட்டணும்ல" என்றார். தொகை வரக் கொஞ்ச மாதம் ஆனது. வந்தது. நோயாளிக்கு மருந்தும் கஞ்சியும் நிற்காமல் நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

கவிதா, உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். கைபேசி வந்தது நல்லதுதான். நான் அதைக் குறை சொல்கிற கிழவன் இல்லை. வெயிலில் ஆட்டோ பிடித்து யாரும் வர வேண்டியதில்லை. வேறொருத்தர் முகத்தை அது ஏற்காது. ஜொஹரா மேடத்துக்கும் மாடியில் நின்று கண்ணைச் சிமிட்டத்தான் வேண்டியிருக்கிறது. அவர் கைபேசி முதல் தடவையே ஒத்துக்கொண்டதாம். போனில் சொல்லிச் சிரித்தார். ஆனால் முகம் பொருந்தவில்லை என்று அது காட்டுகிறபோது, அந்த முகத்துக்காரர் யார், ஏன் வந்தார் என்று கேட்க உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போட்டு வையுங்கள். பழைய பெஞ்சு கோப்பு அறையில்தான் இருக்கும்.

இன்னொன்று சொன்னால் முடிந்தது.

அந்த ஆட்டோ வந்து நின்ற கோடைக்கு அடுத்த வருடம், மழைக்காலம். நேர்காணல் நடக்கிற மாதமே இல்லை. காலையில் ஆபீஸ் திறந்த கையோடு ஒரு பெண் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். காளியம்மாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும் வெறுமை. ஒரு கணம் பழையபடி ராஜேந்திரன் புத்தியா என்றுகூட நினைத்தேன். என் கண் தானாகக் காலுக்குப் போனது.

மெட்டி இல்லை. இரண்டு விரலிலும் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்து, பள்ளமாக இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அம்மா…"

"அவுக போயிட்டாக சார்" என்றார். "நேத்துத்தான் காரியம் முடிஞ்சுச்சு. அவுக பேருல வர்ற பணம் இனிமே வரக் கூடாதுல்ல? அதான் எழுதிக் குடுத்துட்டுப் போலாம்னு மொத பஸ்ஸுக்கே வந்தேன்."

அதற்கு மாடிக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரல் கேட்டு மேடம் எழுந்து வந்துவிட்டார். அவரே மாடிக்குச் சொல்லி அனுப்பி, எழுத வேண்டியதை எங்கள் மேசைக்கே வரவழைத்தார். கணவர் இறந்த தகவல் ஒன்று. இனி அந்த அம்மா தன் பேரிலேயே கேட்கக்கூடிய விதவை உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று. இரண்டையும் நானே எழுதிப் படித்துக் காட்டினேன். கணவர் பெயரைப் படிக்கும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மை மூடியைத் திறந்தேன். மேடம் வழக்கம்போலப் பெஞ்சைக் காட்டினார்.

"செத்த நேரம் உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க. அப்புறமா கைநாட்டு வைக்கலாம்."

காளியம்மாள் பெஞ்சைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு உக்கார வேணாந்தாயீ" என்றார். "இது நெசம்."

கட்டைவிரலை அவரே நீட்டினார்.